ஒரு படத்திலும் இல்லாத தம்பி

எல்லிங்ஸ்ருட் என்ற புறநகரில் முன்பு எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த அன்ரி, இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிள்ளை, உன்ரை ஒஸ்ரேலியாப் படமெல்லாம் பாத்தனான். நீர்வீழ்ச்சி, செம்பாறைப் பள்ளத்தாக்கு, சுடுதண்ணி ஊத்து, எல்லாம் நல்ல வடிவு. ஆனா ஒண்டிலையும் தம்பியைக் காணேல்லை. ரெண்டு பேரும் கோவமோ?"

"இல்லை அன்ரி. படம் எடுத்ததே அவன்தான்."

"ஒண்டிலையாவது நிண்டிருக்கலாமே. பெருமை பிடிச்ச பெடியன்!"

"ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தம்பி அங்கே படகில் போனவன். வருடக்கணக்காக அகதி வழக்கு இழுபட்டது. நான் பார்க்கப் போனபோது, மண் கொதிக்கிற அந்த வெயிலில் என்னை இடமிடமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தான். ஊற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்து அவன் வாய்விட்டுச் சிரித்தபோது போனைத் தூக்கினேன். உடனே முகத்தைத் திருப்பிவிட்டான்.

"அக்கா, வேண்டாம். நான் சிரிக்கிறதைப் பாத்தா, இவனுக்கு ஒரு பயமுமில்லை, திருப்பி அனுப்பலாம் எண்டு வழக்கிலை எழுதிப்போடுவாங்கள்."

போன கிழமை அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அவன் சிரிக்கிற படத்தைத் தாராளமாகப் போடலாம். உங்களில் யாரிடமாவது ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.