கல்லுக்குக் கால் முளைத்த படம்

மண்ணெண்ணெய்ப் புகையும் பெயிண்ட்டும் கலந்த ஒரு வாசனை... அது மூக்கில் ஏறின கையோடு, பின்பக்கம் ஈரமாக ஏதோ ஒட்டியது. எழுந்து பார்த்தால் புது வேட்டியில் நீலமும் கறுப்புமாகப் பெரிய கறை. நான் உட்கார்ந்தது பாயில் இல்லை. கலியமூர்த்தி காயப் போட்டிருந்த படத்தின் மேல்.

அந்த வேட்டியோடுதான் பாபநாசம் கடைத்தெரு முழுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்தால் சீட்டும் நீலமாகிவிடுமே...

கலியமூர்த்தி கோபித்துக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில்தான் ஒரு யானை வந்திருக்கிறது என்றான். எனக்கு எந்த யானையும் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பத்தாவதோடு நான் படிப்பை விட்டேன். படிப்புதான் என்னை விட்டது என்பார்கள் வீட்டில். உரக்கடையில் வேலை. என் கூட்டாளி கலியமூர்த்தி கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னத்தையும் சுவரில் வரைவான். மற்ற நாளில் கனவில் வருகிற மாதிரி படங்கள். அதற்குப் பேர் சர்ரியலிசம் என்றான். நானும் தலையாட்டி வைத்தேன்.

சிம்னி விளக்குக்கு மேலே தாளைக் காட்டுவான். கரி படிந்ததும் உற்றுப் பார்த்து, தெரிகிற உருவத்துக்கு மட்டும் கோடு போடுவான். இரண்டு தாளுக்கு நடுவே பெயிண்ட்டை நசுக்கிப் பிரிப்பான். கதவு, வண்டிச் சக்கரம், எதன் மேலாவது தாளை விரித்து, கரித்துண்டால் தேய்த்து அதன் சொரசொரப்பை எடுப்பான். தான் வரைவது கொஞ்சம்தான், மிச்சம் அதுவாக வருகிறது என்பான்.

அவன் அப்பா கோவிந்தசாமி ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். உழுகிறவர் பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொள்ளலாம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருக்கு அதில் விருப்பமில்லை. சுற்றுவட்டாரத்தில் செங்கொடி ஒரு பக்கம், போலீஸ் காவலில் அறுவடை ஒரு பக்கம்... கோவிந்தசாமியின் மனு தாலுகா ஆபீசில் விசாரணைக்குக் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கலியமூர்த்தி, அப்பா வயலின் எல்லைக்கல் மேல் தாளை வைத்துத் தேய்த்தான். கல் அப்படியே தாளில் வந்தது. அதற்கு நான்கு கால் வரைந்து, வரப்பில் நடக்கவிட்டான்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், கேட்டு வாங்கி உரக்கடையில் இரண்டு காலண்டருக்கு நடுவே மாட்டினேன்.

மிராசுதாரின் காரியஸ்தர் யூரியா வாங்க வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். இது எந்த ஊர்க் கல் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். சர்வே கல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நம்ம கோவிந்தசாமி வயல் முக்குக் கல்லுங்க. கல்லு மேலயே தாள வச்சுத் தேச்சு எடுத்தான்" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மூன்றாம் நாள் புகார் போய்விட்டது. அப்பனும் மகனும் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்திவிட்டார்களாம். சாட்சி... அவர்களே வரைந்த படம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். வயலில் சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார். வரப்பின் ஒரு பக்கம் மிராசுதார் ஆட்கள், மறு பக்கம் நம் ஆட்கள். கல் ஒரு ஜாண் தள்ளியிருந்தாலும் மனு அதோடு போச்சு.

இன்ஸ்பெக்டர் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு ஏன்யா கால் போட்ட?" என்று கலியமூர்த்தியைக் கேட்டார்.

"அப்பா தெனம் இந்தக் கல்லத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சார் வீட்டுக்கு வருவாரு. எனக்குக் கனவுல அது நடந்து வருது."

இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமி பக்கம் திரும்பினார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கல்லு எங்கயும் போவாதுங்க. போறதா இருந்தா நாங்கதாங்க போவணும்."

சங்கிலி மூன்று முறை விழுந்தது. கல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் கோவிந்தசாமி பெயர் பதிவேட்டில் ஏறியது.

படம் திரும்பவில்லை. புகாரின் இணைப்பாம். கேட்டுப் போனபோது பார்த்தேன்... நடு வயிற்றில் ஓட்டை போட்டு, டேக் கட்டி, ஃபைலில் கோத்திருந்தார்கள். வெளியே நாலு காலும் நீட்டிக்கொண்டிருந்தது.

பிறகு கலியமூர்த்தி மெட்ராஸ் போனான், வெளிநாடெல்லாம் போனான். இன்று அவன் படத்தைப் பெரிய வீடுகளில் கண்ணாடி போட்டு, அதற்கென்று தனி விளக்கு வைத்து மாட்டுகிறார்கள். ஒரிஜினல்தான் என்று அவன் கையெழுத்துப் போட்ட தாள் வேறு கூடவே வருமாம். என் மகள் போனில் காட்டினாள். அவளிடம் யானைக் கதையைச் சொன்னேன். "நீங்க உக்காந்ததையும் வித்திருப்பாரா அப்பா?" என்றாள். இன்று அதன் பக்கத்தில்கூட என்னை விடமாட்டார்கள். வயலை இப்போது அவன் தம்பி பார்க்கிறான்.

போன மாதம் கலியமூர்த்தியே போன் செய்தான். அவனுடைய வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், ஆரம்பகாலப் படங்களைத் தேடுகிறார்களாம். கல் படம் கிடைக்குமா என்றான். தாலுகா ஆபீஸ் இடம் மாறி எத்தனையோ வருடம் ஆகிறது, கரையான் தின்றிருக்கும் என்றேன். "அப்பா பேரு ஏறின ஃபைலுதானே... இருந்துட்டுப் போவட்டும்" என்று சிரித்தான்.

பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஏன்டா, அது எங்க கல்லுன்னு அந்தக் காரியஸ்தருக்கு எப்படித் தெரிஞ்சுது? அப்பா கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றான்.

அவன் முகநூல் பக்கம் வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் மழை உண்டா என்று கேட்டான். உண்டு என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான்.

பெருமையில உளறினது நான்தான்டா... அதை மட்டும் சொல்லவில்லை.