மருதாசலம் தொடாத வாழைப்பழம்

கருமத்தம்பட்டியில் நாலு தறி வைத்திருந்த மருதாசலம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அவர் தன் வீட்டில் வைத்தியம் சொன்னால் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. வாழைப்பழம் தின்றால் சளி, ராத்திரியில் தின்றால் நெஞ்சடைப்பு, இரண்டு பழம் ஒன்றாய் ஒட்டிய ஒட்டுப்பழம் தின்றால் இரட்டைப் பிள்ளை! கல்யாணம் நிச்சயமான மகள் அன்புச்செல்வியின் கையிலிருந்த ஒட்டுப்பழத்தைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார். மாடு ஒற்றைக் கன்றுதான் ஈன்றது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. மாசியில் மகள் கல்யாணம். மணமேடையில் பிள்ளையைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் ரங்கநாயகி சொல்லிவிட்டார். மனுஷன் வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குலை தள்ளிய வாழையை வெட்டிச் சாய்த்தார். மனைவி மயிலாத்தாளும் அன்று முதல் பழம் தின்னக் கூடாதாம். என்ன அநியாயம்!

ஆனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

"என்னதான் சாப்பிடறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மருதமலையான் சத்தியமா வாழைப்பழத்தைத் தொடறதே இல்லீங்க!"

மயிலாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "தைப்பூசத்துக்குப் பழனி போனவிய எல்லாம் ஆளுக்கொரு டப்பா பஞ்சாமிர்தம் குடுத்தாங்க டாக்டரம்மா. வேளைக்கு ஒரு கரண்டி வழிச்சுப்போடறாருங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எப்பவாச்சும் சின்னப் பழம் ஒண்ணு தின்னா கண்ணு போயிராதுங்க. நீங்க வாழைப்பழத்தோட வெல்லம், கல்கண்டு, தேன் எல்லாம் சேர்த்தல்ல தின்னிருக்கீங்க!"

"அது பிரசாதமுங்க. சாமி குடுக்கறதுல சக்கரை ஏறுமுங்களா?"

ஆபரேஷன் கல்யாணத்துக்கு அப்புறம் என்று தள்ளிப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தக் காலி டப்பாக்களை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

முகூர்த்தத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து மேடைப் பக்கமே திரும்பியிருந்தார். எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். பாவமாக இருந்தது.

"ஏம்புள்ள, கண்ணு என்ன கலர்ல பட்டு கட்டியிருக்கா?"

"அரக்குங்க. உங்கொம்மாவாட்டமே இருக்காளுங்க" என்ற மயிலாத்தாள், அழுகையை அடக்க முடியாமல் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

மருதாசலம் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது. எனக்குத் தெரியாம வாழைப்பழம் தின்னுபோட்டியா?"