பள்ளத்தோரம் கட்டிய ரிப் துணி

என் மனைவியின் காலில் முள் குத்தியது அவளுக்கே தெரியவில்லை. சமையலறையிலிருந்து அவள் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. "ஏம்புள்ள, குங்குமத்தைக் கொட்டிட்டயா?" என்று கேட்டேன். அவளும் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லீங்களே, யாரு கொட்டுனதுங்க?" என்றாள். பிடித்து உட்கார வைத்துப் பார்த்தால், குதிகாலில் ஒரு வேலமுள் முக்கால்வாசி இறங்கி முறிந்திருந்தது. காலையில் குப்பை கொட்டப் போனபோது ஏறியிருக்க வேண்டும். அந்த முள்ளோடு தோசை சுட்டு, எனக்கு டிபன் கட்டி, துணியும் துவைத்திருக்கிறாள்.

சர்க்கரை நோய் காலை மரத்துப்போக வைத்துவிட்டது என்றார் டாக்டர். நரம்பு மாதிரி ஒரு கம்பியைப் பாதத்தில் வைத்து அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனார். இவள் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாதவள் மாதிரி, சில இடத்தில் குத்துமதிப்பாக "ஆமாங்க" என்றாள். டாக்டர் கம்பியே வைக்காதபோதும் ஒரு முறை "ஆமாங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "இது காலோட நிக்கணும். கைக்கு வர விட்றாதீங்க. மாத்திரை தப்பக் கூடாது. புண்ணு ஆறுனதும் தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும். ஷூ இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது" என்றார்.

கை என்று அவர் சொன்னதுதான் என் மனதில் தங்கிவிட்டது. இவள் பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக செக்கிங்கில் இருப்பவள். பீஸைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் பார்த்துவிடுவாள். ஓட்டையோ, நூல் விட்டதோ, தையல் இழுத்ததோ, அவள் விரல் தடவிக்கொண்டு போய் அங்கே தானாக நிற்கும். வீட்டிலும் அப்படித்தான். ஜவுளிக்கடைக்குப் போனால் முதலில் துணியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய். அதன் பிறகுதான் கலரையே பார்ப்பாள். அந்தக் கை மரத்துவிட்டால் இவளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

புண் ஆறியது. கம்பெனிக்கு அவள் இன்னும் லீவுதான். ஷூ வாங்கி வந்தேன். நடப்பதுதான் நடக்கவில்லை.

ரோட்டில் நடக்கமாட்டாளாம். சேலைக்குக் கீழே ஷூவைப் பார்த்துப் பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்களாம். அவர்கள் சிரித்தால் என்ன என்று கேட்டேன். "உங்களுக்கென்னங்க, நீங்க பேண்ட்டு போட்டிருக்கீங்க" என்றாள். மொட்டை மாடியில் நடக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது. கம்பெனி வேன்கள் போகும் சர்வீஸ் ரோட்டில் நான் கூடவே போனேன். பத்தாவது நிமிஷம் திரும்பிவிட்டாள். அப்போதுதான் அவள் ஒரு நியாயத்தைச் சொன்னாள். "போன வழியே திரும்பி வர்றதா இருந்தா, எங்க வேணாலும் திரும்பிக்கலாமுன்னு தோணுதுங்க. சுத்தி வர்ற மாதிரி தடம் இருந்தாச் சொல்லுங்க. பாதி தாண்டிட்டா பொறவு திரும்பி என்ன ஆகப் போகுது? நடந்துதான ஆகோணும்?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நான் ஒரு கட்டிங் மாஸ்டர். ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அளந்து, மார்க் போட்டு வைப்பது என் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து தடம் கண்டுபிடித்தேன். எங்கள் காலனி நெருப்பெரிச்சல் என்கிற ஊர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஓர் இட்டேரி இருக்கிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் பழைய வண்டித்தடம். அதில் இறங்கினால் பள்ளம். எங்கள் பேச்சில் ஓடையைத்தான் பள்ளம் என்போம். மழை பெய்தால் அதில் தண்ணீர் ஓடும், பெய்யாவிட்டால் என்ன ஓடும் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. பள்ளத்தை ஒட்டியே போனால் தடுப்பணை. அதன் மேலேயே அக்கரைக்குப் போய், ஒரு தென்னந்தோப்பு வழியாக ஏறி, பாலத்தைத் தாண்டி மறுபடி காலனி. ஏற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம், டாக்டர் அளந்து கொடுத்தது போல. கொக்கும் மயிலும்கூட இருந்தன.

இடையில் நான்கு இடத்தில் தடம் பிரிகிறது. வேலை நாளில் நான் எட்டரைக்கெல்லாம் கம்பெனியில் இருக்க வேண்டும். அவள் தனியாகத்தான் போக வேண்டும். அடையாளத்துக்கு என்ன செய்வது? இந்த ஊரில் கேள்வியே வேண்டாம். மூட்டை கட்ட, வண்டி துடைக்க, மாட்டைக் கட்ட, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் எங்களுக்கு பனியன் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்தான். சிவப்பில் ஒரு பை நிறையத் துண்டுகள் கொண்டு வந்து, பிரியும் இடத்திலெல்லாம் சரியான பக்கத்துச் செடியில் கட்டிவைத்தேன்.

மறுநாளே ஒன்றுகூட இல்லை. தென்னந்தோப்புக்காரர் அத்தனையையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏனுங்க, நீங்க எந்த ஆபீசுங்க?" என்றார்.

"ஆபீசெல்லாம் இல்லீங்க. பனியன் கம்பெனிங்க."

"அப்ப இது டவர் லைனுக்கு அளக்கறது இல்லீங்களா? அவங்களும் இப்படித்தானுங்க செவப்புத் துணி கட்டீட்டுப் போனாங்க. பொறவு பாத்தா என்ற தோட்டத்து நடுவால கம்பத்தை நடோணும்னு வந்து நிக்கறாங்க."

"இது நடக்கறதுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடக்கறதுக்கு எதுக்குங்க துணி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் தடம் அவர் தோப்பு வழியாகப் போகிறது. மனைவியின் காலைப் பற்றிச் சொன்னேன். மனிதர் உடனே இளகிவிட்டார். "அம்மணி தாராளமா வரட்டுங்க. செவப்பு மட்டும் வேண்டாமுங்க, பாத்தாலே எனக்குப் பதறுது" என்றார்.

அடுத்த கலரைத் தேர்ந்தெடுத்தபோதுதான் நான் என் கழுத்துக்கு நானே சுருக்குப் போட்டுக்கொண்டேன். பச்சை கட்டினால் செடியோடு போய்விடும். கறுப்பு நிழலோடு போய்விடும். அப்போது எங்களிடம் மஸ்டர்டு கலரில் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடுகைத் தாளித்த எண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள். அதில் கழுத்துப் பட்டிக்கு வெட்டியது போக மிஞ்சிய, வரிவரியாகப் பின்னிய ரிப் துணி நிறைய இருந்தது. ரிப் இழுத்தால் இழுபடும், முடிச்சு அவிழாது. பிரிவிலும் இடையிலுமாகப் பதினாறு இடத்தில் அதைக் கட்டினேன். பள்ளத்தின் இந்த முனையில் நின்று பார்த்தால் அந்த முனையில் கட்டியது தெரிந்தது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு வாரம் அவள் நடந்தாள். நடந்தாளா என்று தினம் மாலை நான் ஷூவைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மண் இருந்தால் நடந்திருக்கிறாள். முள் இருந்தால் பிடுங்குவேன். "போலீஸ்காரன்கூட இப்படிப் பாக்கமாட்டானுங்க" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கையெல்லாம் கீறல். சேலை முந்தி கிழிந்திருந்தது. தடம் தப்பி வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறாள்.

"துணி எங்க பாத்தாலும் இருக்குதுங்க" என்றாள். "அக்கட்டாலயும் இருக்குது, இக்கட்டாலயும் இருக்குது."

"நான் கட்டுனது பதினாறு எடத்துல. அதப் பாத்து நடக்கத் தெரியலையா உனக்கு? கண்ணுமா போச்சு?"

சொல்லிய மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் அவள்மேல் இல்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு சின்ன வட்டம் போட்டால், அதுகூட ஒழுங்காக நிற்கவில்லையே என்று எல்லாவற்றின் மேலும் எரிச்சல். மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். "வா, நான் காட்டறேன்" என்று முன்னால் நடந்தேன்.

இட்டேரி முடிந்து பள்ளம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். பள்ளம் முழுக்க மஸ்டர்டு. யாரோ ஒரு டெம்போ நிறையக் கட்டிங் வேஸ்டை இரவோடு இரவாகக் கரையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றும் நேற்று முன்தினம் பெய்த மழையும் அதைப் பிரித்து விநியோகம் செய்திருந்தன. ஒவ்வொரு முள்ளிலும் ஒரு துண்டு. கொக்கு உட்காரும் கல்லில்கூட ஒன்று ஒட்டிக்கிடந்தது. எங்கள் ஆர்டரேதான். இந்த ஊரில் ஒரு ஆர்டரை நாலு கம்பெனி பிரித்துத் தைக்கும். கொட்டியது எந்தக் கம்பெனியோ. நான் கட்டியது கழுத்து ரிப், அவர்கள் கொட்டியது உடம்புப் பகுதிக்கான பாடித் துணி. கழுத்தும் பாடியும் ஒரே ஷேடில் இருக்க வேண்டும் என்று சாயம் போடும் டையிங்காரரோடு தொண்டை வற்றச் சண்டை போட்டு, மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் வாங்கியவன் நான்தான். பாவி, அந்தச் சண்டையில் தோற்றிருக்கக் கூடாதா என்று இப்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

இருந்தாலும் விடவில்லை. முப்பது வருஷமாக ஷேடு பார்த்த கண். முதல் பிரிவைத் தாண்டினேன். இரண்டாவதில் அவள், "இக்கட்டால போலாமுங்க" என்றாள். "சும்மா வா" என்று அந்தப் பக்கம் போனேன். கால் மணி நேரம் துணி துணியாகப் பார்த்து நடந்து, வீட்டு மனைக்காகப் புதிதாகப் போட்ட சைட்டில் போய் நின்றோம். வெள்ளையும் மஞ்சளும் அடித்த கல் வரிசையாக நின்றதே தவிர, தடம் இல்லை. ஒரு கல்லை எட்டி உதைத்தேன். வலித்தது.

அவள் சிரிக்கவில்லை. பிரிவு வரைக்கும் திரும்பக் கூட்டி வந்தாள். செடியில் கிடந்த ஒரு துண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"இது சிங்கிள் ஜெர்சிங்க, பாடித் துணி. ஓரம் சுருளுது பாருங்க." நாலு அடி தள்ளி இன்னொன்றைத் தொட்டாள். "இதுதானுங்க ரிப். இது நீங்க கட்டுனது. நேத்து எனக்கும் புடிபடலீங்க. ராத்திரி படுத்திருக்கறப்பத்தான் நெனச்சேன், நீங்க கொண்டாந்தது கழுத்துத் துணியாச்சேன்னு. கண்ணுல பாத்தா எப்படிங்க தெரியும்? தொட்டுப் பாக்கோணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. கை இருக்கிறது. இவள் கை அப்படியே இருக்கிறது. அதன் பிறகு அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். ஒவ்வொரு துண்டாகத் தொட்டு, "பாடி", "பாடி", "ரிப்பு" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். செக்கிங் டேபிளில் நிற்கிற அதே நிமிர்வு. பல நாளைக்குப் பிறகு எனக்கு அவளோடு நடப்பது பிடித்திருந்தது.

தடுப்பணையைத் தாண்டி அக்கரைக்கு ஏறினோம். தோப்புக்குள் நுழையும் இடத்தில் மறுபடி தடம் பிரிந்தது. நாய்க்காக அவள் வலது கையில் ஒரு குச்சி வைத்திருந்தாள். துணி இடது பக்கம் இருந்தது. இடது கையை நீட்டித் தொட்டாள். தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள், இழுத்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தேய்த்தாள். டாக்டரிடம் உட்கார்ந்திருந்த அதே முகம்.

பிறகு குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் தொட்டாள்.

"ரிப்புங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

இடது கை எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்க வாயெடுத்தேன். நான் தினமும் மாலையில் ஷூவைத்தான் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். கையை ஒரு நாளும் பார்க்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

"திரும்பிப் போயி டாக்டரப் பாக்கலாம் புள்ள. இப்பவே போலாம்" என்றேன்.

அவள் குச்சியால் முன்னாலிருந்த முள்ளை ஒதுக்கினாள்.

"பாதி தாண்டியாச்சுங்க. இனித் திரும்புனாலும் அதே தூரந்தான். நடங்க."