நிஹ்லா பிடித்த முப்பது நோன்பு

என் தங்கை நிஹ்லா பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும்போது பிரம்பு எடுக்க மாட்டாள். ஒரு பிள்ளை குர்ஆன் எழுத்தொன்றைப் பிழையாக உச்சரித்தால், அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து, "இஞ்ச இருந்து வர வேணும், பார்" என்பாள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். மூன்றாம் தரம் எழுத்து சரியாக வந்துவிடும். வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வீதியில் உள்ள எங்கள் கிராமத்தில், உம்மாவின் வீட்டு முன் அறையில், இருபதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் பாயில் இருந்து அவளிடம் ஓதினார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளைவிட ஏழு வயது மூத்தவள். பக்கத்து வளவில் என் குசினியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் சமைப்பேன். றம்லாவின் தங்கை என்று அவளைச் சொன்ன ஊர், பிறகு நிஹ்லாவின் ராத்தா என்று என்னைச் சொல்லத் தொடங்கியது. எனக்கு அது பெருமைதான்.

தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவு முஸ்லிம்கள் நாங்கள் எல்லோரும் இயக்கத்தால் வெளியேற்றப்பட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வாப்பா வவுனியாவோடு நின்றுகொண்டார். வாப்பாவின் கூட்டாளி முத்தலிப் மாமா குடும்பத்தோடு புத்தளம் முகாமுக்குப் போனார். இரண்டு பேரும் ஊரில் இருந்தபோதே நிஹ்லாவை மாமாவின் மகன் றஸ்மிக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். இடம்பெயர்ந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

தொண்ணூற்றெட்டில் வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் கடுமையானது. தன் கையாலேயே மகளைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். றஸ்மியும் முத்தலிப் மாமாவும் வந்தார்கள். வாப்பாவின் கட்டிலடியில் காவின் எழுதப்பட்டது. எங்கள் மார்க்கப்படி அந்தப் பின்னேரமே அவர்கள் புருஷன் பொஞ்சாதி. ஆனால் எங்கள் ஆட்களின் வழக்கம் வேறு. மாப்பிள்ளையின் வாப்பா மாப்பிள்ளையை ஊர்வலமாய் அழைத்து வந்து, ஊருக்குச் சோறு கொடுத்த பிறகுதான் அவன் பெண்ணின் அறைக்குள் போகலாம்.

அன்று முத்தலிப் மாமா எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னார். "என்ட மூத்தவன்ட கலியாணச் சோறு முல்லைத்தீவு மண்ணிலதான். அங்க திரும்பிப் போற அண்டைக்குத்தான் இவன் மாப்பிள்ளயாப் படியேறுவான். அதுவரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டான்."

எப்போது திரும்பிப் போவோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சாகக் கிடந்த வாப்பா தலையை ஆட்டினார். இரண்டு மாதத்தில் வாப்பா மௌத்தானார். உம்மா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள் ஒதுங்கி இருக்கும் காலம் அது. வேலியைக் கிடுகால் உயர்த்திக் கட்டினோம். அந்த வளவுக்குள் ஆண் வாசனையே இருக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உம்மாவின் இத்தா முடிந்த கையோடு நோன்பு மாதம் பிறந்தது. அந்த வருடம் முப்பதும் முழுதாய் வந்தது. பெருநாளன்று காலை, பக்கத்து வீட்டு ஹாஜறா வட்டிலப்பத்தோடு வந்தாள். கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"றம்லா, உன்ட தங்கச்சி முப்பதும் பிடிச்சிட்டாவாமே. மாஷா அல்லாஹ்! ஒண்டுகூட விடேல்ல."

"ஓம்" என்றேன்.

"எனக்கு ஏழு விட்டுப் போச்சு. உனக்கு?"

"ஆறு."

"அதானே. குமர்ப் புள்ளைக்கும் விட வேண்டி வருமே எண்டு யோசிச்சன்." சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்காமல் போய்விட்டாள்.

எங்கள் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாதத் தீட்டு வந்தால் நோன்பு பிடிக்கக் கூடாது. விட்ட நாட்களைப் பிறகு பிடித்துக் கொடுக்க வேண்டும். சுகமான ஒரு பெண் நோன்பு மாதத்தில் ஒரு நாளும் விடவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பினவர்கள் யார், நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை முதலில் தொட்டவர்கள் யார் என்று ஹாஜறா வேலிப் பொட்டால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நானும் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து நாளும் பார்த்தேன். ஆனால் என் தங்கையை நான் பார்ப்பது வேறு, அவள் பார்ப்பது வேறு.

பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு நிஹ்லாவைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"ஆர்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலை நிறுத்தவில்லை. "அவர்தான்."

"எந்த அவர்?"

"என்ன ராத்தா கேள்வி இது? எனக்கு எத்தின அவர் இருக்கு?"

"றஸ்மியா? அவன் புத்தளத்தில எல்லோ? பாஸ் இல்லாம, மதவாச்சிச் சோதனையத் தாண்டி, இந்த வேலியத் தாண்டி..."

"தேங்காய் லொறியில கை உதவியாளா வந்தவர். லொறி சந்தையில இறக்கிற நேரம் இஞ்ச வந்திட்டுப் போவார். மூண்டு தரம். பகல்லதான்."

"ஆர் கண்டது?"

"காட்டிட்டு வாற விசயமா இது? காவின் எழுதின புருஷன் ராத்தா. ஹறாமா?"

ஹறாம் இல்லைத்தான். ஆனாலும் நான் நம்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வேறு விதமாய்க் கேட்டேன். என்ன நிறச் சேர்ட்? லொறிக்காரன் பேர் என்ன? உம்மாவுக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். உம்மாவிடம் போய்க் கேட்டேன். "நான் இத்தாவில இருந்த பொம்பிள. எனக்கு என்ன தெரியும்?" என்று உம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்தார். திரும்பின வேகத்தைப் பார்த்தால் தெரிந்துதான் இருந்தது என்பது என் சந்தேகம். இன்றைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

முதலில் ஓத வராமல் நின்றது ஹாஜறாவின் மகள். பிறகு அவளோடு கூட வருகிற இரண்டு பேர். "காய்ச்சல்" என்றார்கள். ஒரே கிழமையில் அத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. குழாய்க் கிணறு திருத்த ஒரு நாள் வந்து போன சுதாகரன் என்ற தமிழ்ப் பெடியன் பேரையும் ஊர் இழுத்தது. அவன் கிணற்றடியை விட்டு அசையாமல் வேலை செய்து போனவன். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீதியால் சைக்கிளில் போவதைக்கூட நிறுத்திவிட்டான்.

மாசி மாதம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் சமது ஹாஜியார் என் புருஷன் யூசுபைக் கூப்பிட்டு அனுப்பினார். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில் கதை எழுந்ததாம். நிஹ்லா பெண்கள் முன்னால் தௌபாச் செய்ய வேண்டும், பாவமன்னிப்புக் கேட்க வேண்டும். அல்லது ஓதிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். இதுதான் முடிவு.

யூசுப் வந்து சொன்னபோது நிஹ்லா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கிறியே, வெட்கமா இல்லையா?"

"புருஷனோட இருந்ததுக்கு என்னெண்டு தௌபாச் செய்யுறது? ஓத வாற புள்ளையள் கேட்டா நான் என்ன சொல்லிக் குடுக்கிறது? எனக்குத் தெரியாத துஆ அது."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தான் வந்து போனதை றஸ்மி தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கும் தடை வந்தது. கொமினிகேசன் கடைக்குப் போய் யூசுப் புத்தளத்துக்கு அழைத்தபோது முத்தலிப் மாமாதான் பேசினார். "என்ட மகன் அந்தப் பக்கம் போகவேயில்ல எண்டுறான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதைக் கேட்டு நிஹ்லா சிரிக்கவில்லை. "நேரில வரச் சொல்லுங்கோ" என்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. எனக்குள் இருந்த சந்தேகம் அன்று பக்கம் மாறியது. அதுவரை தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதற்குப் பிறகு றஸ்மியைப் பார்க்கத் தொடங்கினேன்.

பங்குனியில் முத்தலிப் மாமாவும் மகனும் வந்தார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் முன் அறையில் கூடினார்கள். மௌலவி, சமது ஹாஜியார், யூசுப், ஊர்ப் பெரியவர் இரண்டு பேர். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். திரையில் ஒரு கிழிசல் இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். றஸ்மி கதிரையின் நுனியில் இருந்தான். புதுச் சாரம், கழுத்து வரை பொத்தான் பூட்டின சேர்ட். தன் கால்விரல்களை விட்டு அவன் கண் எழும்பவில்லை.

"என்ட மகன் என்ட சொல்ல மீறுறவன் இல்ல" என்றார் முத்தலிப் மாமா. "செருப்பு வாங்குறதெண்டாலும் என்னைக் கேட்டுத்தான் வாங்குவான்."

"மாப்பிள்ள வரேல்ல. அப்ப புள்ள வானத்தால வந்ததோ?" என்றார் ஹாஜியார். யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"ஹாஜியார், இது என்ட மச்சினிச்சி இருக்கிற வீடு. பாத்துக் கதையுங்கோ" என்றார் யூசுப்.

மௌலவி கிழக்கிலிருந்து வந்த இளம் ஆள். அதிகம் பேசாதவர். "றஸ்மி, நீங்க சொல்லுங்கோ. வந்தீங்களா?"

"வாப்பா சொன்னதுதான்..."

"வாப்பா சொன்னது விளங்கிச்சு. உங்களக் கேக்கிறன்."

"எனக்கு ஒண்டும் தெரியா."

"தெரியா எண்டு ஒரு பதில் இதில இல்ல, தம்பி." மௌலவியின் குரல் உயரவில்லை. "பொஞ்சாதி வயித்தில இருக்கிறது தன்ர இல்லையெண்டு சொல்லுற புருஷனுக்குச் சாட்சி இல்லாட்டி, அவர் அல்லாஹ்ட பேரில நாலு தரம் சத்தியம் பண்ண வேணும். அஞ்சாந்தரம், நான் சொல்லுறது பொய்யெண்டா அல்லாஹ்ட சாபம் என்னில இறங்கட்டும் எண்டு சொல்ல வேணும். அதுக்குப் பிறகு அவவும் அப்பிடியே நாலு தரம். அஞ்சாந்தரம், இவர் சொல்லுறது உண்மையெண்டா அல்லாஹ்ட கோபம் என்னில இறங்கட்டும் எண்டு. அதோட கலியாணம் முறிஞ்சுது. புள்ளைக்கு வாப்பா இல்ல. இதைச் செய்யுறது காதியார் முன்னால. ஆனா இஞ்ச நீங்க வாய் திறக்க முதல், எதுக்குள்ள கால வைக்கிறீங்க எண்டு தெரிஞ்சு திறவுங்கோ."

திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் இருந்த நிஹ்லா, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் அதே குரலில் சொன்னாள்:

"மௌலவி, நான் ஆயத்தம். உளூச் செய்து சுத்தமாத்தான் இருக்கிறன். அவர் முதல்ல சொல்லட்டும்."

கிழிசலால் றஸ்மியைப் பார்த்தேன். தன் வாப்பாவைப் பார்த்தான். முத்தலிப் மாமா அவனைப் பார்த்து, சொல்லு என்பதுபோல் தாடியை அசைத்தார்.

"வல்லாஹி" என்று சத்தியத்தைத் தொடங்கினான். நிறுத்தினான். என் கை உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தது.

"வல்லாஹி, நான் வந்தனான் வாப்பா. மூண்டு தரம் வந்தனான்."

முத்தலிப் மாமாதான் கேட்டார், மெதுவாக: "எதில?"

"தேங்காய் லொறியில."

"லொறிக்காரனுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"உன்ட உம்மாவுக்கு?"

றஸ்மி மறுபடியும் தன் கால்விரல்களைப் பார்த்தான்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியா" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "அது சரி. எண்டாலும் கலியாணச் சோத்துக்கு முதல் இப்பிடி நடந்தது... ஊருக்காக ஒரு தௌபா..."

"சோறு குடுக்கிறது நல்ல சுன்னத்து, நபி காட்டின வழி" என்றார் மௌலவி. "சோறு குடுக்காட்டி பொஞ்சாதி இல்லையெண்டு எந்தக் கிதாபிலயும் இல்ல. காவின் இல்லாம நடந்திருந்தா நானே முதல்ல கதைச்சிருப்பன். இது ஹலால். ஆனா வீண்பழி சொன்னவங்களுக்கு ஒரு தௌபா இருக்கு ஹாஜியார். அதை வேணுமெண்டா சொல்லித் தாறன்."

ஆண்கள் எழும்பினார்கள். றஸ்மி தயங்கித் தயங்கித் திரையருகே வந்தான். "நிஹ்லா" என்றான்.

"இஞ்ச சொன்னது காணாது" என்றாள் அவள். "என்னைப் பத்திப் பள்ளியில கதைச்சவங்க. நீங்களும் பள்ளியில சொல்லுங்கோ. சொல்லிட்டு வாங்கோ, சோறு போடுறன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவன் எழுந்து நின்றானாம். யூசுப் வந்து சொன்னார். ஹாஜியார், "இதெல்லாம் பள்ளியில கதைக்கிற கதையோ?" என்று தடுத்தாராம். பின்வரிசையில் இருந்த ஒருவர், "போன மாசம் இஞ்சதானே கதைச்சது, அதுக்குக் காது குடுத்தம், இதுக்கும் குடுப்பம்" என்றாராம். றஸ்மி காது சிவக்க, வியர்த்துக்கொண்டு, "அது என்ட புள்ள. நான் ஒளிச்சு வந்து போனனான். பிழை என்னில, அவவில இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தானாம். அன்று மத்தியானம் நிஹ்லா அவனுக்குச் சோறு போட்டாள். இறைச்சி இல்லை, பருப்பும் கீரையும்தான்.

ஓதும் பிள்ளைகள் முழுப் பேரும் திரும்பி வரவில்லை. வந்தவர்களில் ஹாஜறாவின் மகளும் ஒருத்தி. நான் என்றால் அவளைக் கடைசிப் பாயில் இருத்தியிருப்பேன். நிஹ்லா முன்னால் இருத்தினாள். ஆவணியில் மகள் பிறந்தாள், சுமையா என்று பேர். பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி மாதம் எண்ணிப் பார்த்தவர்கள் ஊரில் பலர். அவர்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். கணக்குச் சரியாகவே வந்தது. முத்தலிப் மாமா பேத்தியைப் பார்க்க வருகிறார், தூக்குகிறார், முத்தமிடுகிறார். கலியாணச் சோறு பற்றி இந்த இரண்டாயிரத்தோராம் ஆண்டு வரை மூச்சு விடவில்லை.

றஸ்மி இப்போது எங்களோடுதான் இருக்கிறான். அதே தேங்காய் லொறியில், இப்போது கணக்குப்பிள்ளையாக. நல்லவன் என்றுதான் யூசுப் சொல்கிறார். ஒரு வார்த்தை சொல்லப் பயந்து பொஞ்சாதியைச் சந்தியில் விட்டவனை நான் அவ்வளவு கெதியில் நம்ப மாட்டேன். பேசாமல் இருக்கும்போதெல்லாம் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

நிஹ்லா என்னைப்போல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவள் அவனுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். எந்த நேரம் வந்தாலும் வீதி முனையிலேயே சத்தம் போட்டுக்கொண்டுதான் அவன் வர வேண்டும். சந்தையில் லொறி இறக்கிவிட்டு வரும்போது, வெட்கப்பட்டுக்கொண்டே, "நிஹ்லா! நான் வாறன்!" என்று கத்துவான். ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். "கேட்டுது, கேட்டுது, வந்திட்டார்!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஹாஜறா பதில் கொடுப்பாள். நிஹ்லா குர்ஆனிலிருந்து தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் உரத்து" என்பாள்.