மாரியக்கா எந்த நாயையும் கட்டியதில்லை

மாரியக்கா போய்விட்டாள். காலையில் பைரவருக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன், அவனியாபுரத்தில் அவள் வீட்டிலிருந்து போன்...

அழுகை அப்புறம். அவள் வளர்த்த மணியைக் கொல்லையில் கட்டிப் போட்டிருக்கிறார்களாம். சாவு வீட்டில் நாய் ஆகாதாம்.

வெள்ளைக்காரன் யுத்த காலத்தில், பதிமூன்று வயசில் நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பக்கத்து வீட்டுப் பெண். அவர்களுக்கு ஆட்டுக் கிடை இருந்தது.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு ரயில்வே துரை தன் கோலி நாய்க்குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சீமையில் ஆடு மேய்க்கிற ஜாதி. ஒரு குட்டி சாதுவாகப் படுத்திருந்தது. இன்னொன்று கோழிகளையெல்லாம் மூலையில் மடக்கிக்கொண்டிருந்தது.

"இந்த வாலு வேணாம்த்தா, அந்தச் சாதுவைத் தூக்கு" என்றார் அவள் அப்பா.

"படுத்துக் கிடக்கத்தான் அண்ணன் இருக்கானே... எனக்கு இதுதான் வேணும்."

அதுதான் முதல் மணி. வளர்ந்ததும் தெருப் பிள்ளைகளை வளைத்து வளைத்துக் கோயில் வாசலில் சேர்த்தது. நகராதவர்களின் குதிகாலைக் கவ்வியது.

ஊர்க்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். "வெறி நாய்! கட்டிப் போடு, இல்ல அடிச்சுப் போட்டுருவோம்."

கம்புக்கு முன்னால் போய் நின்றாள். "வெறி இல்ல மாமா, வேலை இல்ல. கட்டுனாத்தான் கிறுக்குப் பிடிக்கும். நாளையிலருந்து இதும் நானும் கிடைக்குப் போறோம்."

போனாள். வயசுப் பெண் ஆட்டுக்குப் பின்னால் அலைவதா என்றார்கள். அதற்கும் நிற்கவில்லை.

சித்திரை வெயிலில் அதைக் கண்மாயில் முக்கி எடுப்பாள். நெருஞ்சி முள் பார்ப்பாள். ஆட்டுக் கத்தரியால் வயிற்று முடியைக் குறைப்பாள்.

"எந்தக் கோயிலுக்குக்கா நேர்த்தி?" என்று சிரித்தேன்.

"உன் பைரவருக்குத்தான். வாகனம் நாக்குத் தள்ளுனா அவருக்குக் கோவம் வராதா?"

மறுநாளிலிருந்து மணிக்கு மோர் எங்கள் வீட்டில்தான். வீட்டுக் கணக்கிலும் 'மணிக்கு மோர்' என்றே எழுதினேன். மாமியார் முறைத்தார். முறைக்கட்டும்...

அப்புறம் எத்தனையோ மணி. ஒன்றின் கழுத்திலும் அவள் கயிறு போட்டதில்லை.

இப்போது அவள் மகனிடம் போனில் சொன்னேன், அவிழ்த்து விடு என்று.

"ஊரு என்ன சொல்லும் சின்னம்மா?"

"ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்டா."

நான் தினமும் கும்பிடுகிற சாமியின் பக்கத்திலேயே நாய் நிற்கிறது. எனக்குத் தீட்டுச் சொல்லித் தர யாரும் வர வேண்டாம்.

அவனியாபுரத்துச் சொந்தங்கள் இந்தப் போஸ்ட்டைப் பார்த்தால் அவள் மகனிடம் சொல்லுங்கள். ஆட்டோ வந்துவிட்டது. நான் போய் இறங்கும்போது அந்தக் கயிறு மணி கழுத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் நானே அவிழ்ப்பேன்.

மாரியக்கா... வாரேன். மணி உனக்கு முன்னால நடக்கும்.