பார்லி வயலுக்குக் குறுக்கே

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு ஈஸ்ட் குரோய்டன் ரயில் நிலையத்தில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவில் ஒருநாள் நடை. கிளைண்ட் என்ற சிற்றூரில் இறங்கி, கேபர்ன் குன்றில் ஏறி, மறுபக்கமாக லூயிஸ் நகரத்துக்கு இறங்க வேண்டும். தூரம் ஏறக்குறைய நாலரை மைல். வழிகாட்டிக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பவுண், ரயில் செலவு அவரவருடையது.

தேசியப் பூங்கா என்றதும் வாசலையும் டிக்கெட் கூண்டையும் நினைத்துவிடாதீர்கள். வாசலே கிடையாது. ஆட்கள் குடியிருக்கிற ஊர், உழுகிற வயல், ஆடு மேய்கிற குன்று எல்லாம் சேர்ந்ததுதான் பூங்கா.

வழிகாட்டி வசந்தி மலேசியாக்காரர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலையாகி, வார விடுமுறைகளில் எங்களைப் போன்றவர்களை நடக்கவைக்கிறார். என்னோடு வந்தவர் நடேசன் அண்ணை. விம்பிள்டனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து அங்குள்ள கோயிலுக்குப் போகும் நாட்களில் பழக்கமானவர். இரண்டு கையிலும் பெரிய பைகளோடு வந்து சேர்ந்தார்.

"என்ன அண்ணை, நடக்கப் போறமோ, மலையிலை கடை போடப் போறமோ?"

"பசிச்சால் நீ கொண்டுவந்த சான்ட்விச் பல்லுக்கும் காணாது. அப்ப என்னட்டைத்தான் வருவாய்."

ரயில் கட்விக் விமான நிலையத்தைத் தாண்டும்போது அண்ணையின் கைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து காணித் தரகர். மெதுவாகப் பேசும் பழக்கம் அண்ணைக்கு இல்லை. ஆகவே பெட்டியிலிருந்த தமிழர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

சுன்னாகத்தில் அண்ணைக்கு நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், வெறுங்காணி இருக்கிறது. அதற்குப் பின்னால் அவருடைய தங்கை பவளத்தின் வீடு. கலியாணம் கட்டிய நாள் முதல் பவளம் அண்ணையின் காணியோரமாக நடந்துதான் றோட்டுக்கு வருகிறார். ஆனால் அந்த வழி உறுதிப் பத்திரத்தில் எழுதப்படவில்லை. இப்போது சுவிஸில் இருக்கும் ஒருவர் காணியை வாங்க நிற்கிறார். சுற்றிவர மதில் கட்டுவாராம், ஒருவருக்கும் வழி விடமாட்டாராம். இன்று ஊரில் பொழுதுபட முன்னர் அண்ணை முடிவு சொல்ல வேண்டும். அப்படியே விற்றால், பவளம் ஒவ்வொரு நாளும் தோட்ட வரம்புகளால் அரை மைல் சுற்றித்தான் றோட்டுக்கு வரலாம்.

"வழியை எழுதிப்போட்டு விக்கலாம்தானே, அண்ணை?"

"எழுதுவன். அவள் ஒரு வார்த்தை கேக்கட்டும். 'அண்ணை, எனக்கு வழி விடுங்கோ.' அவ்வளவுதான். நான் என்ன கல்லோ?"

"கேக்க மாட்டாவோ?"

"'நான் நடந்த வழியை நான் ஏன் கேக்கோணும்' எண்டு நிக்கிறாள். இந்தத் திமிர் ஆருக்கு வரும், சொல்லு!"

"உங்கடை தங்கச்சிக்கு வரும்."

பக்கத்து இருக்கையில் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லூயிஸில் வண்டி மாறி, பதினொன்றரைக்குக் கிளைண்டில் இறங்கினோம். ஒரு தெரு, பூந்தொட்டி வைத்த வீடுகள், மரநிழலில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாய். ஊர் முடிந்த இடத்தில் ஒரு மரப்படலை. அதற்கு அப்பால் இடுப்பளவு பார்லி. வயலுக்கு நடுவே, வகிடு எடுத்தாற்போல் ஓர் ஒற்றையடிப் பாதை நேராகக் குன்றுக்கு ஏறியது.

வசந்தி படலையைத் திறந்துவிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். நடேசன் அண்ணை மட்டும் வெளியே நின்றார்.

"பிள்ளை, இது ஒருத்தற்றை வயல் எல்லோ?"

"ஆமா அண்ணே."

"கேக்காமல் ஒருத்தற்றை காணிக்குள்ளை கால் வைக்கிறதோ? எனக்கு ஏலாது."

"கேக்க வேண்டியதே இல்ல அண்ணே. நிலம் அவங்களோடது, வழி எல்லாருக்கும் உள்ளது. நிலத்த வித்தாக்கூட வழி அங்கேயே இருக்கும்."

"ஆர் எழுதிக் குடுத்தது?"

"இந்த மாதிரி வழிங்க நெறைய, யாரும் எழுதிக் குடுத்ததில்ல. ஜனங்க காலங்காலமா நடந்தாங்க, அதுவே வழியாச்சு. வாங்க லா!" ஈப்போவின் 'லா' இன்னும் அவரை விடவில்லை.

அண்ணை அசையவில்லை. லண்டனில் முப்பது வருடம் இருந்தும் வயல்வெளிக்குள் அவர் கால் வைத்ததில்லை. வேலி தெரிந்தால் திரும்பிவிடுவாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலியில் நட்ட கதியால் கொம்பு ஒரு சாண் தள்ளிப் போனதற்காகப் பேச்சை நிறுத்திய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பிறர் காணியை மிதிக்காதவன் என்று பெயர் எடுப்பது அங்கே சின்ன விஷயமில்லை.

அந்த நேரத்தில் நாலு சில்லு மோட்டார் வண்டி ஒன்று வயலோரமாக வந்தது. ஓட்டிவந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண், வயலின் சொந்தக்காரி. அண்ணை தொப்பியைக் கழற்றினார். அதைவிடப் பணிவான ஆங்கிலத்தை நான் அவர் வாயில் கேட்டதில்லை. "அம்மணி, நாங்கள் உங்கள் வயலுக்குள்ளால் போகலாமா?"

அந்தப் பெண் எங்கள் பதினொரு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "போங்களேன். என்னை ஏன் கேட்கிறீர்கள்? மேலே இருக்கிற படலையை மட்டும் மறக்காமல் சாத்துங்கள், ஆடுகள் நிற்கின்றன." சொல்லிவிட்டுப் போயேவிட்டார்.

அண்ணைக்கு வெற்றிக் களை. "பாத்தியளே? மரியாதையாய்க் கேட்டன், மனுசி விட்டிட்டுது!"

"அவங்க விடல அண்ணே," என்றார் வசந்தி சிரித்தபடி. "விடுறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

விளையாட்டாகச் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தோம். அண்ணை தொப்பியைக் கையில் பிடித்தபடியே வயலுக்குள் இறங்கினார். கதிர்கள் இரண்டு பக்கமும் அவருடைய பைகளை உரசின. இரண்டாவது படலையில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. தானே திறந்தார், எல்லோரும் வரும்வரை நின்றார், சாத்திக் கொளுவியைப் போட்டார்.

குன்று ஐந்நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சு வாங்கும், ஆனால் நெஞ்சு அடைக்காது. எழுபது வயதுக்காரர் ஒருவர் எங்களோடு ஏறினார், நின்று நின்று. பன்னிரண்டே முக்காலுக்கு உச்சியில் இருந்தோம். ஒரு பக்கம் லூயிஸ் கோட்டை, நடுவில் ஊஸ் ஆறு வளைந்து வளைந்து போகிறது, தெற்கே நியூஹேவனில் கடல் ஒரு வெள்ளிக் கோடு. தலைக்கு மேல் வானம்பாடி விடாமல் பாடியது. லண்டன் பாலம் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது.

அண்ணையின் பைகள் திறந்தன. ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஐம்பது.

"ஆடுகளுக்கு முன்னாலயா அண்ணே?" என்றார் வசந்தி.

"இது அதுகளின்ரை சொந்தபந்தம் இல்லைப் பிள்ளை, பயப்பிடாமல் சாப்பிடு."

நான் மூன்று சாப்பிட்டேன். என் சான்ட்விச் பையிலேயே கிடந்தது.

ஒன்று பத்துக்குக் கைபேசி அடித்தது. ஊரில் அப்போது ஐந்து நாற்பது, பொழுதுபடப் போகிறது. அண்ணை எழுந்து பத்தடி தள்ளிப் போனார். அந்தக் குரலுக்குப் பத்தடி என்ன செய்யும்?

"ஓம், சொல்லுறன். விக்கிறன். ஆனால் வழி விட்டுத்தான். கிழக்குப் பக்கம் நாலடி, உறுதியிலை எழுதோணும்... இல்லை, அவள் கேக்கேல்லை... அவள் கேக்கேல்லை எண்டுறன்! ... அந்தாளுக்குச் சரி வராட்டில் விடச் சொல்லு."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு ரோலை எடுத்தார், கடிக்காமல் வைத்திருந்தார். காற்று பலமாக அடித்தது. வசந்தி குப்பைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

லூயிஸுக்கு இறங்கும் வழி லேசானது. பள்ளத்தாக்கில் இறங்கி, கொல்ஃப் மைதானத்தைக் கடந்து, செங்குத்தான ஒரு தெருவால் நகரத்துக்குள் விழுந்தோம். மூன்று படலைகள் வந்தன. மூன்றையும் அண்ணைதான் திறந்து மூடினார். அங்கே குடித்த தேநீர் மூன்று பவுண் நாற்பது பென்ஸ், விலைக்கு ஏற்ற சூடு இல்லை.

நாலு மணி ரயிலில் வரும்போது தரகரின் செய்தி வந்தது. அண்ணை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். சுவிஸ்காரர் வேண்டாமாம், வேறு காணி பார்க்கிறாராம்.

"கவலையோ, அண்ணை?"

"பின்னை? நல்ல விலை. அப்பிடியொரு ஆள் இனி எப்ப வாறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வேறை ஒருத்தன் வந்தாலும் இதே கதைதான். வழியோடை வாங்கிறவன் வாங்கட்டும்."

"பவளமக்காவுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லுங்கோவன். சந்தோஷப்படுவா."

"சொல்லக்கூடாது." அவர் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து கேட்டது. "சொன்னால் நான் குடுத்ததாய்ப் போயிடும். அவள் நாளைக்கும் கேக்காமலே நடக்கட்டும்."

குரோய்டனில் இறங்கும்போது வெறும் பைகளை நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நிலைய வாசலில் கடைசியாகப் பார்த்தேன். ஆட்களுக்கு நடுவே, யாரிடமும் வழி கேட்காமல், டிராமைப் பிடிக்க வேகமாக நடந்து போனார்.