டர்பன்டைன் நிழலில் ஒரு கிரீன்

அப்பாவுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தினமும் எழுந்து நிற்க வேண்டும், கொஞ்சமாவது நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் கட்டிலோடுதான். பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு பட்டையும் அதற்கேற்ற சப்பாத்தும் கொடுத்தார்கள். அது இல்லாமல் நிற்கவே கூடாது என்றார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்புத்தளைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா கெஞ்சினாள். எனக்குக் கெஞ்ச வராது. பதுளையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள், வந்த மறுநாளே கத்த ஆரம்பித்துவிட்டேன். "நடந்து எங்க போகப் போறேன்? வேலைக்கா?" என்று கேட்டார் அப்பா.

அப்பா காலமெல்லாம் பார்த்தது ஒரே வேலை. பக்கத்துத் தோட்டத்தில் துரைமார்களுக்கு ஒரு கிளப் இருந்தது. அங்கே கோல்ப் பந்தைக் குழிக்குள் தள்ளி விளையாடும் சின்னப் புல்தரையை கிரீன் என்பார்கள். அதை வெட்டுவது, உருளை போட்டு உருட்டுவது, களை பிடுங்குவது எல்லாம் அப்பாதான். பிள்ளைகளை விடப் புல்லைத்தான் நன்றாக வளர்த்தார் என்று அம்மா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். ஒரு நாள் அப்பாவுக்கு மருந்து வாங்கப் பதுளைக்குப் போனேன். அங்கே ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டி வைத்திருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிரீன் போட்டால் என்ன? மனுஷன் எட்டிப் பார்க்கவாவது எழுந்து வருவார் இல்லையா?

வந்து சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாக அப்பா சிரித்தார்.

"பைத்தியமா ஒனக்கு? பின்னாடி பூரா டர்பன்டைன் மரத்து நெழலு. பாசிதான் புடிக்கும். அங்க புல்லாவது வர்றதாவது."

"பிளாஸ்டிக் புல்லுப்பா. அதுக்கு வெயிலே வேணாம்."

"தூ! அதெல்லாம் ஒரு புல்லா?" என்று மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஹாலிஎலயிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கல்யாண மண்டபங்களில் பிளாஸ்டிக் புல் விரித்துப் பழகியவர்கள். கிரீன் போடுவது அவர்களுக்கும் புதுசு. பாசி படிந்த கறுப்பு மண்ணை வெட்டி எறிந்தார்கள். சல்லியைக் கொட்டி, அதன் மேல் கல்தூளைப் பரப்பி, மண்டபத்துத் தரை மாதிரி மட்டமாக இடித்தார்கள். அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் தவளை விடலாம் போல நடுவில் தண்ணீர் நிற்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்தக் கூத்தைப் பார்க்க அப்பா ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டார். அம்மா சும்மா இருப்பாளா, பிடித்துக் கூட்டிவந்து பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். தரையைச் சரிவாக்கி, தேயிலை மலையில் வெட்டுவது போல மேல்பக்கம் ஒரு வடிகால் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். பிறகு புல்லை விரித்தால், மூடுபனியில் பசை காய மாட்டேன் என்கிறது. பொருத்திய இடமெல்லாம் வாயைப் பிளந்தது. கடைசியில் என் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து நானே காயவைத்தேன்.

"புல்லுக்குத் தல சீவி விடுறியா பாப்பா?" என்று அப்பா கேட்டார். எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு பைப் துண்டைப் புதைத்துக் குழி வைத்து, மணலைத் தூவிப் பெருக்கியதும் வேலை முடிந்தது. அப்பாவுக்குச் சப்பாத்தை மாட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தவர் புல்லின் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"சப்பாத்தக் கழட்டு."

"கழட்டக் கூடாதுப்பா. விழுந்துருவீங்க."

"சப்பாத்தோட கிரீன்ல ஏறுறதா? சப்பாத்து தொரைங்களுக்குத்தான். வேலக்காரங்க வெறுங்காலோட ஏறணும். அதான் சட்டம்."

"அட கடவுளே! அந்தக் கிளப்ப மூடியே எத்தன வருசமாச்சு!"

"எனக்குத் தெரியாதா பாப்பா? கால் கேக்க மாட்டேங்குதே."

நல்ல காலோடு இருந்த நாளெல்லாம் அப்பா பனியில் வெறுங்காலோடு அந்தப் புல்லில் நின்றிருக்கிறார். இன்றைக்கு நிற்க ஒரு சப்பாத்து வேண்டியிருக்கிறது, அது கூட இவருக்கு ஆகாதாம். யாரைப் பிடித்துத் திட்டுவது?

அம்மா கரட் பாத்தியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு அப்பிய பூட்ஸோடு நேராக வந்து, கிரீனில் ஏறி, நட்ட நடுவில் போய் நின்றாள். பச்சைப் புல்லில் கறுப்புக் கறுப்பாகத் தடம்.

"ஏய்! சேறு! சேறு! எறங்கு புள்ள!"

என் தோளிலிருந்து அப்பாவின் கை போய்விட்டது. நான் பிடிக்கப் பாய்வதற்குள் கத்திக்கொண்டே நடந்துவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, வலது காலை இழுத்து இழுத்து, விரட்டுகிற வேகத்தில் அம்மாவிடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அசையவில்லை.

"என் வூட்டுக்குப் பின்னாடி நான் எப்புடி வேணும்னாலும் நடப்பேன். நீங்களுந்தான்."

அப்பா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் வாங்கி வைத்திருந்த பழைய கோல்ப் மட்டையை எடுத்துப் போய் அவருடைய இடது கையில் கொடுத்து, பந்தைக் கால் முன்னால் வைத்தேன்.

"எனக்கு அடிக்கத் தெரியாதே" என்றார்.

கிரீனே கதி என்று கிடந்த மனிதர் ஒரு பந்து கூட அடித்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடித்தார். பந்து குழியைத் தாண்டி, சரிவில் உருண்டு, அந்தக் கோடியில் போய் நின்றது. எடுத்து வர நான் ஓடினேன்.

"நில்லு பாப்பா" என்றார் அப்பா. "அது என் பந்து. நானே போறேன்."